டிரெய்லர் சக்கர பேரிங்குகளை வீட்டிலேயே மாற்றும் முறை

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடையும் கரும்பு வெட்டும் நெருங்கி வருகின்றன. மாதக்கணக்கில் நீரும் எருவும் இட்டு வளர்த்த பொருள் அனைத்தும் அச்சமயத்தில் டிராக்டரின் பின்னே செல்லும் டிரெய்லரின் மீது ஏறி, களத்திலிருந்து வீட்டிற்கும் வயலிலிருந்து ஆலைக்கும் போய்ச் சேரவேண்டியிருக்கிறது. புறப்படுமுன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்போர் பலர். சக்கரத்தின் நடுவே ஒரு சிறு குல்லாவிற்குள் மறைந்து கிடக்கும் பேரிங்குகளைப் பற்றி நினைப்போர் மிகச் சிலரே. அவை தேய்ந்துபோனால் வேலை நிற்பதோடு அபாயமும் நேரும். தக்க காலத்தில் கவனித்தால், அவற்றை மாற்றும் வேலையை ஒரு பகற்பொழுதில் வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கலாம்.

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்தில் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடுதல் பொருத்தமாகும். அவ்வூர்க் குடியானவர் ஒருவர், தம் டிரெய்லரின் இடது சக்கரத்தில் ஆட்டம் கண்டு, புதிய பேரிங்குகளை வாங்கிவந்து தம் கையாலேயே மாட்டினார். இறுக்கினால்தான் நிற்கும் என்று கருதி, அச்சின் நட்டைத் தம் பலமெல்லாம் கொண்டு முறுக்கிவிட்டார். பத்து நாட்கள் சென்றபின் நெல் மூட்டைகளோடு சாலையில் போகையில், பின்னால் மிதிவண்டியில் வந்த ஒருவர் கருகல் நாற்றம் கண்டு கூவி நிறுத்தினார். சக்கரத்தின் குடத்தைத் தொட்ட கை கொப்புளித்தது. உள்ளே கிரீஸ் உருகி ஓடிவிட்டிருந்தது. உருளைகள் நீலம் பாய்ந்து கிடந்தன. பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளை அது. சக்கரம் கழன்று உருண்டிருக்குமாயின் விளைவு யாதாயிருக்கும் என்று சொல்லவேண்டுவதில்லை. பேரிங்கு மட்டமானது என்று கடைக்காரரின் மேல் குறை கூறிய அக்குடியானவர், பிழை தம்முடைய ஸ்பானரில் இருந்ததென்பதைப் பின்னரே உணர்ந்தார்.

பேரிங்கின் அமைப்பு

பழைய மரச் சக்கர வண்டியில், இரும்பு அச்சின் மேல் சக்கரத்தின் குடம் நேரே உரசிச் சுழலும். வண்டி மை ஒன்றே அதற்குத் துணை. டிரெய்லரின் சக்கரமோ உரசிச் சுழல்வதில்லை. சிறு எஃகு உருளைகளின் மேல் உருண்டு சுழல்கிறது. இவ்வுருளைகள் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் கூம்பு வடிவாக இருக்கும். பாரத்தை மேலிருந்து தாங்குவதோடு, திருப்பத்தில் வண்டி பக்கவாட்டில் தள்ளும் தள்ளலையும் தாங்குவதற்காகவே இவ்வடிவம் அமைந்தது. இதனை 1898ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று வெளியிட்ட ஹென்றி டிம்கென் என்பவர், அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்தவர். ஆகவே மோட்டார் வாகனங்களில் நாம் காணும் இப்பேரிங்கு வண்டிப் பட்டறையில் பிறந்ததேயாகும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு பாகங்களாகப் பிரியும். குடத்திற்குள் இறுகப் பதிந்திருக்கும் வெளி வளையத்தைக் ‘கப்’ என்றும், உருளைகளையும் அவற்றைத் தாங்கும் கூண்டையும் உடைய உள் வளையத்தைக் ‘கோன்’ என்றும் மெக்கானிக்குகள் அழைப்பர். உட்புறப் பேரிங்கிற்குப் பின்னால், கிரீஸ் வெளியேறாமலும் சேறு நுழையாமலும் காக்கும் ரப்பர் சீல் ஒன்று இருக்கும்.

தேய்வின் அறிகுறிகள்

ஓடும்போது சக்கரத்திலிருந்து இரைச்சல் எழுந்து, வேகம் கூடக்கூட அதுவும் கூடுதல். குடம் அளவுக்கு மீறிச் சூடேறுதல். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் கசிந்து பரவியிருத்தல். டயர் ஒருபுறம் மட்டும் தேய்தல் ஆகியவை முக்கியமான அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், வெறும் டிரெய்லரை ஜாக்கியால் தூக்கி, டயரின் மேற்பக்கத்தை ஒரு கையாலும் கீழ்ப்பக்கத்தை மறு கையாலும் பற்றி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவேண்டும். கையில் தெளிவாகத் தட்டுப்படும் ஆட்டம் இருப்பின், நட்டு தளர்ந்திருக்கலாம். அல்லது பேரிங்கு தேய்ந்திருக்கலாம். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றி, மற்றொரு கையை அச்சின் மேல் வைத்துக் கவனித்தால், கெட்டுப்போன பேரிங்கு மணலை அரைப்பதுபோல் கரகரப்பதை உணரலாம். கரகரப்பு இருக்கும்போது நட்டை முறுக்கி ஆட்டத்தை மட்டும் போக்குவதில் யாதொரு பயனும் இல்லை.

தேவையான சாமான்கள்

பாரம் தாங்கவல்ல ஜாக்கி, உறுதியான மரக்கட்டைகள், சக்கர நட்டுகளுக்கும் அச்சு நட்டுக்கும் ஏற்ற ஸ்பானர்கள், குறடு, சுத்தியல், பித்தளைக் கம்பி ஒன்று, மண்ணெண்ணெய், அகன்ற தட்டு, துவைத்து உலர்த்திய பழைய வேட்டித் துணி ஆகியவை போதும். கழிவுப் பஞ்சினால் துடைத்தால் நார் உருளைகளிடையே தங்கிவிடும். ஆதலால் துணியே நல்லது. இவற்றோடு புதிய பேரிங்குகள், புதிய சீல், புதிய ஸ்பிளிட் பின், சக்கர பேரிங்கிற்கென்று விற்கப்படும் லித்தியம் கிரீஸ் ஆகியவற்றை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

பேரிங்கு வாங்கும்போது பழையதன் முகத்தில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துச் செல்லவேண்டும். 30206, 32208 போன்ற மெட்ரிக் வரிசை எண்களில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 06 என்றால் 30 மில்லிமீட்டர். 08 என்றால் 40 மில்லிமீட்டர். அங்குல வரிசைப் பேரிங்குகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. நற்பெயர் பெற்ற தயாரிப்புகளின் போலிகள் சந்தையில் உலவுவதால், விலை மிகக் குறைவென்று கண்டால் சந்தேகிக்கவேண்டும். நம்பிக்கையான கடையில் ரசீதோடு வாங்குவதே உசிதம்.

கழற்றுதல்

டிரெய்லரில் ஒரு மூட்டையும் இருத்தலாகாது. சமதரையில் நிறுத்தி, டிராக்டரோடு பூட்டியபடியே வைத்து, டிராக்டரை கியரில் இட்டு கைப்பிரேக்கையும் போடவேண்டும். இரு சக்கர டிரெய்லரைப் பூட்டவிழ்த்துவிட்டுத் தூக்கினால் அது முன்னோ பின்னோ சாய்ந்துவிடும். மறுபக்கச் சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொண்டு, பின்னர் அச்சின் கீழ் ஜாக்கியை வைத்துத் தூக்கவேண்டும். தூக்கியவுடன் அச்சைக் கனத்த மரக்கட்டைகளின் மேல் இறக்கிவைத்தல் அவசியம். செங்கல்லும் கருங்கல்லும் பாரத்தில் திடீரென்று பிளந்துவிடும். அவற்றை அடியில் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் கை வைத்தலாகாது.

சக்கரத்தைக் கழற்றியபின் குடத்தின் குல்லாவைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டையும் வாஷரையும் நீக்கவேண்டும். குடத்தைச் சற்று முன்னால் இழுத்துப் பின் தள்ளினால் வெளிப்புறக் கோன் தானே வெளிவரும். அதனை எடுத்து வைத்துவிட்டுக் குடத்தை முழுவதும் இழுத்தெடுக்கலாம். பிரேக் டிரம் உள்ள வண்டியாயின், உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதலாகாது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம்; அத்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே முறை.

சோதித்தல்

பழைய சீலைப் பெயர்த்தெடுத்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்க்கவேண்டும். இது தீயில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யத்தக்கது. உருளைகளிலோ கப்பின் உள்முகத்திலோ சிறு குழிகள், செதில் பெயர்ந்த இடங்கள், நீலம் பாய்ந்த நிறம், துருப் புள்ளிகள் காணப்பட்டால் அப்பேரிங்கு பயனற்றது. கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்றிக் களிப்பது பட்டறைச் சிறுவர்களின் பழக்கம். கிரீஸின்றி மிதமிஞ்சிய வேகத்தில் சுழலும் உருளைகள் கூண்டினின்று தெறித்துக் காயம் உண்டாக்கக்கூடும்.

அச்சின் மேல் கோன் உட்காரும் இடத்தையும் பார்க்கவேண்டும். அங்கே ஆழ்ந்த தேய்வு இருந்தால், கோன் அச்சின் மேலேயே சுழன்றிருக்கிறது என்பது பொருள். அத்தகைய அச்சில் உளியால் கொத்திப் புடைக்கச் செய்தும், தகரம் சுற்றியும் புதிய கோனை மாட்டுவது சிலருடைய வழக்கம். அது சில நாட்களே தாங்கும். பிறகு நிச்சயம் கெடும். தேய்ந்த அச்சுமுனையை மாற்றியோ, தேர்ந்த லேத் பட்டறையில் செப்பனிட்டோ உபயோகிக்கவேண்டும்.

கோன் கெட்டு, கப் நன்றாயிருப்பதுபோல் தோன்றினும், இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய கப்பில் கண்ணுக்குப் புலப்படாத தேய்வு இருக்கும். புதிய உருளைகள் அதன்மேல் ஓடினால் அவையும் விரைவில் கெடும். சிக்கனம் கருதிக் கப்பை விட்டுவிடுவது, பழைய சாக்கின் ஓட்டையை அடைக்காமல் புது நெல்லைக் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

புதிய கப்பைப் பதித்தல்

குடத்தின் மறுபக்கத்திலிருந்து பித்தளைக் கம்பியைச் செலுத்தி, பழைய கப்பின் விளிம்பில் இருபுறமும் மாறிமாறித் தட்டினால் அது சிறிது சிறிதாக வெளிவரும். ஒரே பக்கத்தில் அடித்தால் சாய்ந்து இறுகிக்கொள்ளும். பேரிங்கு எஃகு மிகவும் கடினமானது. அதன்மேல் நேராகச் சுத்தியலால் அடித்தால் சில்லுகள் கண்ணில் தெறிக்கும். கண்ணாடி அணிந்துகொள்ளுதல் வீண் ஆடம்பரமன்று.

புதிய கப்பைக் குளிர்ப்பெட்டியில் சில மணி நேரம் வைத்தெடுத்தால் சற்றே சுருங்கி எளிதில் இறங்கும். கப்பின் அகன்ற வாய் குடத்தின் வெளிப்புறத்தை நோக்கியே இருக்கவேண்டும். உட்புற, வெளிப்புறக் கப்புகள் இரண்டிற்கும் இதுவே விதி. பழைய கப்பை ஓரிடத்தில் அறுத்து வைத்துக்கொண்டு, அதனைப் புதியதன்மேல் வைத்துத் தட்டினால் புதியது சமமாக இறங்கும். அறுத்தது பின்னர் எளிதில் வெளிவந்துவிடும். இறங்கும்வரை ஓசை மந்தமாயிருக்கும். அடியில் சென்று உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். அவ்வோசை கேட்டபின் சுற்றிலும் இடைவெளி இல்லையென்பதைக் கண்ணாலும் உறுதி செய்துகொள்ளவேண்டும்.

கிரீஸ் ஏற்றுதல்

புதிய கோனின் மேற்புறத்தில் கிரீஸைத் தடவிவிட்டால் மட்டும் போதாது. இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸை வைத்துக்கொண்டு, கோனின் பருத்த பக்கத்து விளிம்பை அதில் அழுத்தி இழுக்கவேண்டும். கூண்டிற்கும் உள்வளையத்திற்கும் இடையே புகுந்த கிரீஸ் சிறுத்த பக்கத்தில் பிதுங்கி வரும்வரை, சுற்றிச்சுற்றி இவ்வாறு செய்யவேண்டும். குடத்தின் உட்சுவரில் துருப்பிடியாதபடி ஒரு பூச்சும், நடுவிலுள்ள வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவும் கிரீஸ் இருந்தால் போதும். குடம் நிறையத் திணித்தால் அது சூடேறிச் சீலைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். பழைய கிரீஸோடு வேறு வகையைக் கலத்தலும், வண்டி மையை உபயோகித்தலும் கூடா. கிரீஸில் ஒரு சிட்டிகை மணல் சேர்ந்தாலும் செய்த வேலை முழுவதும் வீணாகும். ஆதலின் தூற்றும் களத்தின் அருகே இவ்வேலையைச் செய்தலாகாது.

உட்புறக் கோனை வைத்து, புதிய சீலின் உதடு கிரீஸ் இருக்கும் உட்புறத்தை நோக்கும்படி சமமாகப் பதித்து, குடத்தை அச்சின் மேல் நேராகச் செலுத்தவேண்டும். கோணலாகச் செலுத்தினால் அச்சின் மரை சீலின் உதட்டைக் கிழித்துவிடும். பின்னர் வெளிப்புறக் கோன், வாஷர், நட்டு ஆகியவற்றை முறையே இடலாம்.

நட்டை முறுக்கும் அளவு

முற்கூறிய குடியானவர் தவறியது இவ்விடத்தில்தான். இரண்டாம் முறை புதிய பேரிங்குகள் வாங்கிவந்து மாட்டும்போது, திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தந்தையார், மகன் ஸ்பானரை மறுபடியும் பலமாக இழுக்கக் கண்டு, “தம்பி, மாட்டு வண்டியில் குடத்துக்கும் கடையாணிக்கும் நடுவே ஒரு நெல் கிடக்க இடம் விட்டுத்தானே ஓட்டினோம். இடமில்லாமல் கடையாணியை அடித்தால் சக்கரம் சுற்றுமா?” என்று கேட்டார். “அது மரச் சக்கரம், அப்பா; இது பேரிங்கு,” என்றார் மகன். “சக்கரம் எதுவானாலும் சுற்றத்தானே வேண்டும்,” என்றார் பெரியவர்.

பெரியவரின் சொல்லில் உண்மை உண்டு. நெல்லளவு இடம் பேரிங்கிற்கு மிகவும் அதிகம். ஆயினும் மயிரிழை போன்ற இடம் வேண்டும். ஓடும்போது பேரிங்கு சூடேறி விரியும். விரிவதற்கு இடமில்லையாயின் உருளைகள் நெருக்குண்டு மேலும் சூடேறும், கிரீஸ் உருகும், முடிவில் பேரிங்கு இறுகி, கோன் அச்சின் மேல் சுழலத் தொடங்கி, அச்சையே அரைத்துவிடும். தளர்வு அதிகமாயினும் கேடுதான். உருளைகள் மோதிக் குழி விழும்.

சரியான முறை இது. சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே, மறு கையால் ஸ்பானரைக் கொண்டு நட்டைச் சற்று இறுகும்வரை முறுக்கவேண்டும். சுழலாத சக்கரத்தில் முறுக்கினால் உருளைகள் தத்தம் இடத்தில் ஒழுங்காக உட்காரமாட்டா. இவ்வாறு உட்கார்ந்தபின் நட்டை முழுவதும் தளர்த்தி, ஸ்பானரை அகற்றிவிட்டு, விரல்களால் மட்டும் நட்டைத் திருகி நிறுத்தவேண்டும். ஸ்பிளிட் பின்னின் துளை நட்டின் பள்ளத்திற்கு நேராக அமையவில்லையெனில், நட்டை அடுத்த பள்ளம்வரை தளர்த்தவேண்டுமே அன்றி இறுக்கலாகாது. அப்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை இருத்தல் பொதுவான அளவு. கையால் அசைத்தால் உணர்ந்தும் உணராததுமான அசைவாக அது தோன்றும். வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு குறித்திருந்தால் அதனையே பின்பற்றவேண்டும்.

பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடியும் இடுவது சிறிய சிக்கனம். அதன் விலையோ சில ரூபாயே. வளைத்து நிமிர்த்திய கம்பி ஒடியும். ஒடிந்தால் நட்டு கழலும். நட்டு கழன்றால் சக்கரம் போகும். எப்போதும் புதியதையே இட்டு, இரு கால்களையும் நன்றாக மடக்கிவிட்டுக் குல்லாவைப் பொருத்தவேண்டும்.

மாற்றியபின் கவனிக்கவேண்டியவை

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கியபின் மறுபடியும் இறுக்கவேண்டும். பத்து கிலோமீட்டர் வெறும் வண்டியாக ஓட்டி, குடத்தை முதலில் புறங்கையை அருகே கொண்டுசென்று பார்த்து, பின்னர் தொடவேண்டும். இளஞ்சூடு இயல்பானது. கை வைத்திருக்கவியலாத சூடாயின் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, நட்டின் அளவைச் சரிபார்க்கவேண்டும். முதல் சில நடைகளுக்குப் பின் சக்கர நட்டுகளையும் ஆட்டத்தையும் மீண்டும் ஒருமுறை சோதித்தல் நலம்.

சாலையில் நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய வண்டியை உடனே வாய்க்காலில் இறக்குவதால் பேரிங்குகளுக்குக் கேடு உண்டாகிறது. குடத்தினுள் சூடாயிருந்த காற்று குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்கி, சீலின் வழியே சேற்று நீரை உள்ளிழுத்துக்கொள்கிறது. சற்று நேரம் ஆறவிட்டு இறக்கவேண்டும். வெள்ளத்திலோ ஆழ்ந்த சேற்றிலோ குடம் மூழ்கிய வண்டியில், அப்பருவம் முடிந்தவுடன் பேரிங்குகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் ஏற்றுதல் அவசியம். மற்றபடி ஆண்டுக்கொருமுறை, அறுவடைக்கு முந்திய மார்கழியில் இதனைச் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஜீப்பும் காரும்

பழைய ஜீப்புகளிலும், பின்சக்கரத்தால் ஓடும் பழைய கார்கள் பலவற்றின் முன்சக்கரங்களிலும் இத்தகைய இரட்டைப் பேரிங்குகளே உள்ளன. மேற்கூறிய முறை அவற்றிற்கும் பெரும்பாலும் பொருந்தும். முன்சக்கரத்தால் ஓடும் இக்காலத்துக் கார்களிலோ, கிரீஸோடு மூடி முத்திரையிட்ட பேரிங்குகள் பெரிதும் உபயோகமாகின்றன. அவற்றுள் பல, டன் கணக்கான அழுத்தம் தரும் பிரஸ்ஸினால் பதிக்கத்தக்கவை. சுத்தியலால் அடித்து இறக்கினால் குண்டுகள் தம் பாதையில் பள்ளம் பதித்து, புதிய பேரிங்கு அன்றே இரையத் தொடங்கும். சிலவற்றில் ஒரு பக்கத்தில் காந்த வளையம் உண்டு. அது புறம் மாறிப் பொருந்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு வேலை செய்யாது. ஆகவே அக்கார்களில் இரைச்சலையும் ஆட்டத்தையும் கண்டுகொள்வதோடு நின்று, மாற்றும் வேலையைத் தக்க சாதனங்கள் உள்ள பட்டறையில் ஒப்படைத்தலே விவேகம்.

முடிவுரை

முற்கூறிய டிரெய்லரில் இரண்டாம் முறை மாட்டிய பேரிங்குகள் அந்த அறுவடை முழுவதும் யாதொரு குறையுமின்றி ஓடின. அவையும் முன்னவற்றைப் போலவே அதே கடையில் வாங்கியவைதாம். முதல் முறை குறைந்தது, பேரிங்கு விரிவதற்கு வேண்டிய மயிரிழை இடமே. சுத்தம், போதிய கிரீஸ், அளவறிந்து முறுக்கும் கை ஆகிய மூன்றும் உள்ள குடியானவர் இவ்வேலையைத் தாமே செய்து கூலியையும் காலத்தையும் மிச்சப்படுத்தலாம். அம்மூன்றில் ஒன்று குறையுமென்று தோன்றினால், வேலையறிந்தவரை அழைத்து, அருகிலிருந்து ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டு, அடுத்த மார்கழியில் தாமே முயலலாம். சாலை தம் ஒருவருடையதன்று. அதில் நடப்போரின் உயிருக்கும் வண்டியை ஓட்டிச் செல்பவரே பொறுப்பாளி.